நான்கு மாதத்தில் இங்கிலீஷ் பேச வருமா? ஒரு வாசகிக்குப் பதில்

வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயரையும் அவரை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன். வயது 37, கணக்குப் பிரிவில் வேலை, பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழில். ஆங்கிலத்தில் வரும் மெயிலைப் படித்துவிடுவார், பதிலும் எழுதிவிடுவார், கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். பேச வேண்டும் என்றால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இன்னும் நான்கு மாதத்தில் அவருடைய குழு, வெளிநாட்டில் இருக்கும் ஒரு மேலாளரின் கீழ் போகப்போகிறது. வாரம் ஒருமுறை வீடியோ கால், எல்லாம் ஆங்கிலத்தில். செய்தி வந்ததும் பதறிப்போய் '30 நாளில் சரளமான ஆங்கிலம், உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்த ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். பாடங்களை முடித்தார், சான்றிதழும் வந்துவிட்டது, பேச்சு மட்டும் வரவில்லை. கேட்டால் 'அட்வான்ஸ்டு வகுப்பில் சேருங்கள், சரியாகிவிடும்' என்று தினமும் போன் வருகிறதாம்.

அதற்கு முன்பே ஓர் இலக்கணப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை முடித்திருக்கிறார். போனில் ஒரு மொழி ஆப் வைத்துக்கொண்டு ஒரு வருடமாக ஒரு நாளும் விடாமல் ஐந்து நிமிடம் பயிற்சி செய்கிறார். தமிழில் துப்பறியும் கதைகள் என்றால் உயிர். அந்தத் தைரியத்தில் ஓர் ஆங்கில நாவலை எடுத்து ஆறாவது பக்கத்தில் மூடி வைத்துவிட்டார். வீட்டில் 11 வயது மகன், அம்மா வாயைத் திறந்தாலே திருத்துகிறான், சிரிக்கவும் செய்கிறான். கணவரோ 'இனிமேல் வீட்டில் தமிழே கூடாது, அப்போதுதான் வரும்' என்கிறார்.

கேள்விகள் இவை. இந்த வயதில் இனி வருமா? அட்வான்ஸ்டு வகுப்புக்குப் பணம் கட்டலாமா? நான்கு மாதம் போதுமா? அப்புறம் கடைசியாக ஒரு வரி: "ரசிச்சுப் படிங்க, தானா வரும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு வர்றது பயம்தான். பயத்தை எப்படி ரசிக்கிறது?"

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கடைசி வரிக்கு வருவதற்கு முன், உங்கள் கடிதத்தில் திரும்பத் திரும்ப வரும் வேறொரு வரியைத் திருத்தியாக வேண்டும். 'எனக்கு இங்கிலீஷ் தெரியாது' என்று பல இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஆங்கில மெயிலைப் படித்து, அதில் கேட்டிருப்பதைப் புரிந்துகொண்டு, பதிலும் எழுதுகிறவர் இப்படிச் சொல்லக் கூடாது. பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவதுதான் என் தொழில், அதனால் உறுதியாகவே சொல்கிறேன், பேசுவதற்குத் தேவையான சொற்களில் பெரும்பகுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வேகமாக எடுக்க வரவில்லை, பிரச்சினை அங்கேதான். மெயிலுக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை. பேச்சில் அந்த வசதி கிடையாது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வந்த ஓர் ஆய்வில், ஒருவர் கேள்வியை முடித்ததற்கும் அடுத்தவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையில் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. அந்த நேரத்துக்குள் தமிழில் யோசித்து, இலக்கணப் புத்தகத்தின் விதியை நினைவுக்குக் கொண்டுவந்து, மொழிபெயர்த்து, சரிபார்த்துப் பேச யாராலும் முடியாது. நீங்கள் அதைத்தான் முயற்சி செய்துகொண்டிருக்கிறீர்கள்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் இன்னொரு சிரமமும் உண்டு. உங்கள் வேலையிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 'நேற்று நீங்கள் அனுப்பிய பில்லில் இருந்த தவறு.' இது ஆங்கிலத்தில் 'தி மிஸ்டேக் இன் தி பில் யூ சென்ட் எஸ்டர்டே' என்று வரும். முதலில் இருந்த 'நேற்று' கடைசிக்குப் போய்விட்டது, கடைசியில் இருந்த 'தவறு' முதலுக்கு வந்துவிட்டது, நடுவில் இருப்பவையும் ஏறக்குறைய தலைகீழ். ஆக, தமிழில் வாக்கியத்தை முழுதாகக் கட்டி முடித்து, அதைக் கடைசியிலிருந்து பிரித்தால்தான் ஆங்கிலத்தில் முதல் சொல்லே வரும். எதிரில் இருப்பவர் காத்திருக்கிறாரே என்ற பதற்றத்தில் இதைச் செய்யப் பார்த்தால் தொண்டை அடைக்கத்தான் செய்யும். இதற்கு வழி இருக்கிறது, எளிதான வழிதான்: நீளமான வாக்கியத்தைக் கட்டவே கட்டாதீர்கள். 'தேர் இஸ் எ மிஸ்டேக் இன் தி பில்.' நிறுத்துங்கள். 'யூ சென்ட் இட் எஸ்டர்டே.' இரண்டு குட்டி வாக்கியங்கள், இரண்டும் சரி, புரியாமல் போக வாய்ப்பே இல்லை. நன்றாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் நீளமாகப் பேசுவார்கள் என்பது தப்பான எண்ணம். வீடியோ கால்களில் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் உங்களுக்கே தெரியும்.

வயதைப் பற்றி

மகன் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறான், எனக்கு வயதாகிவிட்டது என்கிறீர்கள். 1978இல் கேத்தரின் ஸ்னோவும் மரியன் ஹோஃப்நாகல்-ஹூலேவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நெதர்லாந்துக்குக் குடிபோன ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் டச்சு மொழியை எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று மூன்று வயதுக் குழந்தையிலிருந்து பெரியவர்கள்வரை பார்த்தார்கள். முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும்தான். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள்தான் மெதுவாக இருந்தார்கள். குழந்தைகள் பல வருடப் போக்கில் நம்மைத் தாண்டிப் போவார்கள், குறிப்பாக உச்சரிப்பில், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கையில் இருப்பது நான்கு மாதம். அந்த அளவில் உங்கள் வயது உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஒரு விஷயத்தை விளக்கினால் உடனே புரிகிறது, எது தேவை எது வேண்டாம் என்று பிரிக்கத் தெரிகிறது, வேலையைப் பற்றிய அறிவு ஏற்கெனவே கையில் இருக்கிறது.

30 நாள் கணக்கும் அந்த வகுப்பும்

நீங்கள் கணக்குப் பார்ப்பவர், அதனால் இதைக் கணக்காகவே சொல்கிறேன். மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று கீழிருந்து மேலாக ஆறு படிகளாகப் பிரிக்கும் அளவுகோலை ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்டது. எந்தப் படியை எட்ட ஏறத்தாழ எத்தனை மணி நேரப் படிப்பு வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வுகளை நடத்துகிறவர்கள் ஒரு மதிப்பீடு தருகிறார்கள். ஒன்றுமே தெரியாத இடத்திலிருந்து தொடங்கினால் ஏ2வுக்கு 180 முதல் 200 மணி நேரம், பி1க்கு 350 முதல் 400, பி2வுக்கு 500 முதல் 600. அதாவது ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறக்குறைய 200 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் என்று 30 நாள் உட்கார்ந்தால் 30 மணி நேரம்தான் ஆகிறது. ஆப்பில் தினம் ஐந்து நிமிடம் வீதம் ஒரு வருடம் போட்டீர்களே, கூட்டிப் பாருங்கள், அதுவும் 30 மணி நேரம்தான். உங்கள் முயற்சியில் குறை இல்லை. அந்த நேரத்துக்கு அவ்வளவுதான் வரும்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகளுக்குத் தமிழ் சொல்லித்தர 44 வாரங்கள், சுமார் 1,100 வகுப்பு மணி நேரம் தேவை என்று வைத்திருக்கிறது. ஸ்பானிஷுக்கு அதைவிட எவ்வளவோ குறைவு. இரண்டு மொழிகளுக்கும் நடுவில் உள்ள தூரம் அப்படி. அங்கிருந்து இங்கே வர அவ்வளவு நேரம் என்றால் இங்கிருந்து அங்கே போகவும் கொஞ்சம் நேரம் ஆகும் என்று நாம் நம்மையே மன்னித்துக்கொள்ளலாம்.

இனி நான்கு மாதத்தைப் பார்ப்போம். தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் 120 நாளில் 180 மணி நேரம். கிட்டத்தட்ட ஒரு படி. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் படிப்பதில் பி1ஐத் தொட்டுவிட்டீர்கள், பேச்சு ஏ2வில் நிற்கிறது. பேச்சை அந்த ஒரு படி ஏற்றினால், உங்கள் வேலையைப் பற்றிய ஒரு வீடியோ காலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வர முடியும். எல்லாத் தலைப்பிலும் சரளமாக அரட்டை அடிப்பது நான்கு மாதத்தில் வராது. அதைத் தருவதாகச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

அதனால் அட்வான்ஸ்டு வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அதே பாணியில் பதிவு செய்த வீடியோக்கள்தான் அங்கேயும் என்றால், உங்களிடம் இல்லாத ஒன்று அதில் கிடைக்கப்போவதில்லை. எந்த வகுப்பில் சேருவதாக இருந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு மணி நேர வகுப்பில் நான் எத்தனை நிமிடம் பேசுவேன், அதைக் கேட்டுத் திருத்த யார் இருப்பார்கள்? இதற்கு நேரான பதில் வரவில்லை என்றால் வேண்டாம். வாரம் இரண்டு முறை அரைமணி நேரம் உங்களோடு மட்டும் பேசும் ஓர் ஆசிரியர் கிடைத்தால், நூறு வீடியோவைவிட அது மேல்.

கட்டிய பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 'உத்தரவாதம்' என்ற சொல் விளம்பரத்தில் மட்டும் இருக்கிறதா, நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறைகளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பித் தரும் விதி இருந்தால் அதைக் குறிப்பிட்டு மெயிலில் கேளுங்கள், போனில் பேச வேண்டாம், எழுத்தில் இருப்பதுதான் பின்னால் உதவும். பொய்யான வாக்குறுதி கொடுத்து விற்றதைப் பற்றி உங்கள் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பிடம் புகார் கொடுக்கவும் வழி இருக்கும். கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இது முக்கியம். தினமும் வரும் போனை நிறுத்தச் சொல்லியும் ஒரு மெயில் போடுங்கள். ஆனால் இந்தச் சண்டை உங்கள் நான்கு மாதத்தைத் தின்றுவிடக் கூடாது. ஒரு மாலையில் மெயிலை எழுதி அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பயத்தோடு எப்படி ரசிப்பது

பயத்தை ரசிக்க முடியாது. பயம் வராத இடத்திலிருந்து தொடங்க முடியும். உங்களைப் பொறுத்தவரை அந்த இடம் கதைதான்.

அந்த நாவலை ஆறாவது பக்கத்தில் மூடியதற்கு உங்கள் சோம்பல் காரணமில்லை. சொற்களஞ்சியத்தைப் பற்றி நிறைய ஆராய்ந்த பால் நேஷன் 2006இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு பக்கத்தைத் துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள, நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், சாதாரண நாவலுக்கு 8,000 முதல் 9,000 சொல் குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) தேவைப்படும். கற்கிறவர்களிடம் அது இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. இதற்காகவே கற்கிறவர்களுக்கென்று சொற்களை எண்ணிக் கட்டுப்படுத்தி எழுதிய கதைப் புத்தகங்கள் இருக்கின்றன, 'கிரேடட் ரீடர்' என்று கேட்டால் கிடைக்கும். படி வாரியாக எண் போட்டிருப்பார்கள். துப்பறியும் கதைகள் அதில் ஏராளம். ஒரு பக்கத்தைத் திறந்து தெரியாத சொற்களை விரலில் எண்ணுங்கள், நான்கைந்துக்கு மேல் போனால் ஒரு படி கீழே இறங்குங்கள். கீழே இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொலை செய்தது யார் என்று தெரிந்துகொள்ள நீங்கள் பக்கத்தைப் புரட்டினால் அதுதான் உங்கள் படி. அகராதியைத் தொடாதீர்கள், புரியாததை விட்டுவிட்டு மேலே போங்கள்.

கதை படித்தால் மொழி வருமா, விளையாட்டாக இருக்கிறதே என்று தோன்றலாம். 1980களின் தொடக்கத்தில் ஃபிஜி தீவுகளின் கிராமத்துப் பள்ளிகளில் எல்லீ, மங்குபாய் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத குழந்தைகளின் வகுப்பறைகளில் கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வழக்கமான பாட முறையிலேயே படித்த குழந்தைகளைவிடக் கதை படித்தவர்கள் வாசிப்பிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் நன்றாக முன்னேறினார்கள். இதில் எனக்குத் தெரியும் காரணம் எளிது. பிடித்ததை மனிதர்கள் நிறைய நேரம் செய்வார்கள், 180 மணி நேரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு யாராலும் உட்கார்ந்து தீர்க்க முடியாது. வேகமாகக் கற்பதும் ரசித்துக் கற்பதும் வேறு வேறு என்று நினைக்காதீர்கள், ரசித்தால்தான் அந்த மணிக்கணக்கு சேரும்.

கேட்பதற்கும் இதே விதிதான். அமெரிக்க வானொலி ஒன்று 1959இல் கற்கிறவர்களுக்கென்றே 1,500 சொற்களுக்குள், குட்டி வாக்கியங்களில், மெதுவாகப் படிக்கும் செய்தியைத் தொடங்கியது. பிபிசியும் 1943இலிருந்து ஆங்கிலப் பாடங்கள் தருகிறது. அந்த வகையில் இன்று இணையத்தில் இலவசமாகவே எவ்வளவோ கிடைக்கிறது. தொடர்கள் பார்ப்பதாக இருந்தால் தமிழ் சப்டைட்டிலை எடுத்துவிட்டு ஆங்கில சப்டைட்டில் போடுங்கள். பழக்கமில்லாத உச்சரிப்பில் பேசும் படங்களை டச்சு மாணவர்களுக்குக் காட்டி 2009இல் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு பிடிபட்டது, தாய்மொழி சப்டைட்டில் அதற்கு இடைஞ்சலாகவே இருந்தது. கண் தமிழைப் படித்துக்கொண்டிருந்தால் காது வேலை செய்வதில்லை, அவ்வளவுதான்.

வாயைத் திறக்க வேண்டிய இடம்

இங்கே ஒரு எச்சரிக்கை. கேட்டுக்கொண்டும் படித்துக்கொண்டும் இருந்தால் போதும், பேச்சு தானாக வரும் என்று மொழியியலாளர் ஸ்டீஃபன் கிராஷன் 1980களில் சொன்னது இன்றுவரை பலரால் திருப்பிச் சொல்லப்படுகிறது. 'தானா வரும்' என்று உங்களிடம் சொன்னவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். பாதி உண்மை. கனடாவில் பல வருடம் பிரெஞ்சு வழியிலேயே பாடம் படித்த ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் கவனித்தார். பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் அபாரமாக இருந்தார்கள், பேச்சிலும் எழுத்திலும் தடுமாறினார்கள். பேச வேண்டிய அவசியமே அவர்களுக்குப் போதுமான அளவு வரவில்லை என்று 1985இல் எழுதினார். உங்கள் நிலைமையும் அதேதான். அதனால் ஒன்றரை மணி நேரத்தில் அரைமணி நேரமாவது உங்கள் வாயிலிருந்து சத்தம் வர வேண்டும்.

அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பயிற்சி 4-3-2. நேற்று அலுவலகத்தில் செய்த ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், மாதக் கடைசி கணக்கு முடித்ததோ, பில்லில் வந்த குழப்பமோ. போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு அதைப் பற்றி நான்கு நிமிடம் பேசுங்கள். திணறும், நடுவில் நின்றுபோகும், பரவாயில்லை. உடனே அதே விஷயத்தை மூன்று நிமிடத்தில் சொல்லுங்கள். மறுபடியும் இரண்டு நிமிடத்தில். மூன்றாவது தடவை வரும்போது சொற்கள் வரிசையில் நிற்கும், ஏனென்றால் என்ன சொல்வது என்ற கவலை முதல் தடவையிலேயே தீர்ந்துவிட்டது, மிச்சம் இருப்பது வேகம் மட்டும். அப்புறம் ரெக்கார்டிங்கைக் கேட்டு, எந்த இடத்தில் சொல் கிடைக்காமல் நின்றீர்கள் என்று மட்டும் பாருங்கள், அந்தச் சொல்லைத் தேடி எழுதி வையுங்கள். நாளைக்குப் படிக்க வேண்டிய பட்டியல் அதுதான். ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் வேண்டாம். ஒரு நாள் விட்டு, மூன்று நாள் விட்டு, ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று 1885இலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே வைத்துச் சோதித்து எழுதிவிட்டார், இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதுதான் அதற்கு மருந்து.

தனியாகப் பேசுவது கூச்சமாக இருந்தால் குரலில் பேசும் செயற்கை நுண்ணறிவு ஆப்களைப் பயன்படுத்தலாம். 'நீ என் மேலாளர், இந்த மாதக் கணக்கைப் பற்றி என்னிடம் கேள்வி கேள்' என்று சொன்னால் கேட்கும், பத்துத் தடவை தப்பாகச் சொன்னாலும் முகம் சுளிக்காது. ஒன்றே ஒன்று, அலுவலகத்தின் உண்மையான எண்களையும் வாடிக்கையாளர் பெயர்களையும் அதில் சொல்லிவிடாதீர்கள். அதோடு நின்றுவிடவும் வேண்டாம், வாரம் ஒருமுறையாவது ஒரு மனிதரிடம் பேசியாக வேண்டும், பயம் வருவது மனிதர்களிடம்தானே.

இலக்கணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஹி கோஸ்' என்பதில் அந்த 'ஸ்' விட்டுப்போகிறது, மகன் சிரிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். ஆங்கிலம் கற்கிறவர்கள் எந்த விதியை எந்த வரிசையில் பிடிக்கிறார்கள் என்று 1970களிலிருந்து பார்த்துவருகிறார்கள். முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கும் இந்த 'ஸ்', பேச்சில் மிகவும் தாமதமாக வந்து சேர்பவற்றில் ஒன்று. அது வராததற்காக வாயை மூடிக்கொள்ளாதீர்கள், அதை விட்டுவிட்டதால் ஒரு கணக்கும் தப்பாகப் போகாது. இறந்தகாலமும் எதிர்காலமும் குழம்பினால் போகும், அவற்றில் கவனமாக இருங்கள்.

உச்சரிப்பில் மூன்று விஷயம் போதும். ஒன்று, ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கும் பழக்கத்தை விடுங்கள். 'பேக்' என்று எழுதினால் அது தோளில் மாட்டும் பையா, முதுகா, பொட்டலம் கட்டுவதா என்று எழுத்தில் தெரியாது, மூன்றுக்கும் ஒலி வேறு வேறு. சொல்லின் ஒலியை நேராகக் காதில் கேட்டுப் பழகுங்கள். இரண்டு, சொல்லின் கடைசியில் நம் வாய் தானாகச் சேர்க்கும் உகரம்: 'பில்லு', 'செக்கு', 'பேங்க்கு'. சொல் முடிந்ததும் அங்கேயே நிறுத்தப் பழகுங்கள். மூன்றாவதுதான் முக்கியம், அழுத்தம். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை தூக்கி நிற்கும், மற்றவை தேய்ந்துபோகும். 'பேமெண்ட்', 'இன்வாய்ஸ்' இரண்டிலும் முதல் அசையில் அழுத்தம். 'அமௌண்ட்', 'அக்கௌண்ட்' இரண்டிலும் இரண்டாவது அசையில், முதலில் வரும் அகரம் காதில் விழுந்தும் விழாமலும் போகும். உங்கள் வேலையில் தினமும் வரும் ஒரு ஐம்பது சொற்களுக்கு அழுத்தம் எங்கே என்று அகராதி ஆப்பில் கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டால், நீங்கள் பேசுவது புரியவில்லை என்று கேட்கிறவர்கள் பெருமளவு குறைந்துவிடுவார்கள். வெள்ளைக்காரர் மாதிரிப் பேச வேண்டியதில்லை. உலகத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் தாய்மொழியாகப் பேசுகிறவர்களைவிட மற்றவர்களே அதிகம். புது மேலாளருக்கே அது இரண்டாவது மொழியாக இருக்கலாம்.

வீட்டுக்குள்

கணவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் வீட்டில் தமிழே கூடாது என்ற யோசனை வேண்டாம். களைத்து வந்து மனதில் இருப்பதைச் சொல்ல ஓர் இடம் உங்களுக்கு வேண்டும், அது உங்கள் மொழியில் இருக்கட்டும். இந்த மாதிரித் தடை போட்ட வீடுகளில் முதலில் குறைவது பேச்சுதான், ஆங்கிலம் கூடுவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு நாளைக்கு ஒரு கால்மணி நேரம், குறித்த நேரத்தில், குறித்த தலைப்பில் அவரோடு ஆங்கிலத்தில் பேசலாம். கடிகாரம் அடித்ததும் தமிழுக்கு வந்துவிடுங்கள்.

மகனிடம் நேராகவே சொல்லுங்கள்: 'எனக்கு வேலையில் இது தேவைப்படுகிறது, நீ சிரித்தால் எனக்குப் பேச வரமாட்டேன் என்கிறது.' 11 வயதுப் பிள்ளைக்கு இது புரியும். திருத்துவதற்கு ஆசைப்படுகிறான் என்றால் அதற்கும் ஒரு நேரம் கொடுங்கள். நீங்கள் பேசி முடிக்கும்வரை அவன் குறுக்கிடக் கூடாது, முடித்த பிறகு ஒரே ஒரு திருத்தம் சொல்லலாம். உங்கள் துப்பறியும் கதையை அவனை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், கொலையாளி யார் என்று இரண்டு பேரும் சண்டை போடுங்கள், எந்த மொழியில் வேண்டுமானாலும்.

முதல் வீடியோ காலுக்கு முன்

இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, நிறையப் பேர் இதைக் கேட்கவே தயங்குகிறார்கள். என்ன பேசப்போகிறோம் என்ற பட்டியலை ஒரு நாள் முன்னதாக அனுப்பச் சொல்லி மேலாளருக்கு மெயில் போடுங்கள். முடிவுகளை மெயிலில் போடவும் கேளுங்கள், அல்லது 'நான் குறிப்பெடுத்து அனுப்புகிறேன்' என்று நீங்களே முன்வாருங்கள். எழுத்து உங்கள் பலம், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வேலையைச் சரியாகச் செய்வதற்காகக் கேட்பது இது, சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம். உங்கள் நிறுவனத்தில் மொழிப் பயிற்சிக்கு ஏதாவது உதவி இருக்கிறதா என்றும் மனிதவளப் பிரிவில் விசாரியுங்கள், குழுவை மாற்றுவது அவர்கள் எடுத்த முடிவு என்பதால் கேட்பதில் தவறே இல்லை.

வீடியோ காலில் மாட்டிக்கொண்டால் பிடித்துக்கொள்ள ஐந்தாறு வாக்கியங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 'சாரி, குட் யூ சே தட் அகெயின்?' 'லெட் மீ செக் அண்ட் கெட் பேக் டு யூ.' 'டூ யூ மீன் தி மார்ச் இன்வாய்ஸ்?' 'கிவ் மீ எ செகண்ட்.' இவற்றை இலக்கணமாகப் பிரித்துப் பார்க்காதீர்கள், அப்படியே முழுதாக வாயில் வர வேண்டும். முதல் காலில் நீங்கள் நீளமாகப் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பகுதியை இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள். அந்த இரண்டு நிமிடத்தை முந்தின நாள் 4-3-2 முறையில் சொல்லிப் பார்த்திருப்பீர்கள்.

இன்றைக்கு ராத்திரியே உங்கள் வேலையைப் பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசி ரெக்கார்ட் செய்து, கேட்காமல் அப்படியே சேமித்து வையுங்கள். ஒன்றரை மாதம் கழித்து அதே தலைப்பில் இன்னொன்று எடுத்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நின்றுபோன இடங்கள் குறைந்திருந்தால் இதே வழியில் போகலாம். குறையவில்லை என்றால் தினமும் எவ்வளவு நேரம் படித்தீர்கள், அதில் எவ்வளவு நேரம் வாயைத் திறந்து பேசினீர்கள் என்ற கணக்கோடு எனக்கு எழுதுங்கள், எதை மாற்றுவது என்று பார்ப்போம்.